உப்புநீர் மீன்தொட்டிக்குக் குறைந்த செலவில் மணல் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடல்மீன் வளர்க்கத் தொடங்கும் ஒருவர் கண்ணாடித் தொட்டி, கடலுப்பு, பம்பு, விளக்கு, ஆர்.ஓ. கருவி என்று ஒவ்வொன்றுக்காகச் செலவழித்து வரும்போது, அடியில் பரப்பும் மணலுக்கும் கடைக்காரர் ஒரு கணிசமான தொகையைச் சொன்னால் திகைத்துப்போவது இயல்பு. வெளிநாட்டிலிருந்து வரும் அரகோனைட் என்னும் சுண்ணாம்பு வகை மணல் சிறு பைகளில், கிலோ கணக்கில் பார்த்தால் மிக உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது. தண்ணீர் வடிகட்டிச் சாமான்கள் விற்கும் கடையிலோ ஒரு முழு மூட்டை சிலிக்கா மணல் அந்த ஒரு பையின் விலையில் சிறு பங்குக்குக் கிடைத்துவிடும். இவற்றில் எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது, வாங்கி வந்ததை எப்படிச் சோதித்துக் கழுவிப் பரப்புவது என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மணலில் கவனிக்க வேண்டியவை துகளின் அளவு, தூய்மை, உலோகக் கலப்பின்மை ஆகிய மூன்றும்தான். இந்த மூன்றும் சரியாக இருந்தால் விலை குறைந்த மணலில் மீன்களும் நத்தைகளும் பவளங்களும் நன்றாகவே வாழும். மிச்சமாகும் பணம் நல்ல உப்புக்கும் தூய நீருக்கும் செல்லட்டும். உயிர்களைக் காப்பாற்றுபவை அவையே.

முதல் படி: யாருக்காக மணல் என்று முடிவு செய்யுங்கள்

மணலே இல்லாமல் வெறும் கண்ணாடித் தரையோடு உப்புநீர்த் தொட்டியை நடத்த முடியும். நன்மைசெய் நுண்ணுயிர்கள் மீன் கழிவை நச்சு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் வேலையின் பெரும்பகுதி பாறைகளிலும் வடிகட்டியிலுமே நடந்துவிடுகிறது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யப்படும் கோமாளி மீன்களைப் போன்றவற்றை மட்டும் வளர்ப்பவருக்கு மணல் அழகுக்குரிய ஒன்றே தவிர, கட்டாயத் தேவை அன்று.

மணலைத் தம் வாழ்விடமாகக் கொண்ட உயிர்களின் நிலை வேறு. ஹாலிகோரிஸ் வகை ராஸ் மீன்கள் இரவில் மணலுக்குள் புதைந்துதான் உறங்குகின்றன. அவற்றுக்கு மென்மையான மணல் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு வேண்டும். மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே சலித்து இரை தேடும் கோபி மீன்களுக்கு நேர்த்தியான, கூர்முனை இல்லாத துகள்கள் வேண்டும். பிஸ்டல் இறாலும் அதனுடன் வளையில் குடியிருக்கும் கோபியும் சேர்ந்து வளை கட்டுவதற்கு மணலோடு சிறு சிப்பித் துண்டுகளும் கலந்திருக்க வேண்டும். ஆகவே, எந்த உயிர்களை வளர்க்கப் போகிறீர்கள் என்ற பட்டியலை எழுதிவிட்டு மணல் கடைக்குப் போங்கள். மணலை வாங்கிவிட்டு மீனைத் தேடினால், மீண்டும் மணல் வாங்க நேரும்.

இரண்டாம் படி: ஆழத்தையும் அளவையும் கணக்கிடுங்கள்

புதிதாகத் தொடங்குபவருக்கு மூன்று சென்டிமீட்டர் ஆழம் போதும். மணலில் உறங்கும் மீன் இருந்தால் ஐந்து. பத்து சென்டிமீட்டருக்கு மேல் மணல் நிரப்பி, அதன் பிராணவாயு குறைந்த அடிப்பகுதியில் வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டு நைட்ரேட்டைக் குறைக்கும் முறையும் உண்டு. மொனாக்கோவில் பணியாற்றிய பிரெஞ்சு உயிரியலாளர் ழான் ஜோபேர், அமெரிக்காவின் ரொனால்ட் ஷிமெக் ஆகியோர் இத்தகைய ஆழமான மணல்படுகைகளைப் பரப்பியவர்கள். அது பயனுள்ள முறைதான். ஆனால் மணலுக்குள் வாழும் புழுக்களையும் சிறு உயிர்களையும் பேணத் தெரிந்தவர்களுக்கே அது பொருந்தும் என்பதால், முதல் தொட்டியில் அதை முயல வேண்டாம் என்பேன்.

கணக்கு எளிது. தொட்டியின் நீளம், அகலம், மணலின் ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் எத்தனை லிட்டர் மணல் வேண்டும் என்பது கிடைக்கும், அதை 1.5-ஆல் பெருக்கினால் ஏறத்தாழக் கிலோ கணக்கு வந்துவிடும். 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள மூன்றடித் தொட்டிக்கு 3 செ.மீ. ஆழத்தில் பரப்ப 12 லிட்டர், அதாவது சுமார் 18 கிலோ மணல் தேவை. நான்கடித் தொட்டியின் நீளம் 120 செ.மீ. என்றால் அது 24 கிலோவாகும். பாறைகள் அடியில் பிடித்துக்கொள்ளும் இடத்தால் சிறிது மிச்சமாகும், கழுவும்போது சிறிது வீணாகும். ஆதலால் கணக்கில் வந்த அளவையே வாங்கினால் சரியாக இருக்கும்.

மூன்றாம் படி: மணல் எதனால் ஆனது என்று அறிந்து தேர்ந்தெடுங்கள்

பவளப்பாறைகளை அடுத்த கடலடி மணல், பவளம், சிப்பி, சுண்ணாம்புப் பாசி ஆகியவற்றின் துகள்களால் ஆனது. அதன் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அரகோனைட் என்று விற்கப்படுவது இந்த வகைதான். நம் ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் மணலோ பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. மெரினாவில் நாம் காலில் மிதிப்பதும் பெரும்பாலும் இந்தக் குவார்ட்ஸ் மணலே. கடற்கரையில் கிடப்பதாலேயே ஒரு மணல் பவளத் தொட்டிக்கு ஏற்றதாகிவிடாது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

அரகோனைட்டை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம், அது கரைந்து நீரின் பி.எச். அளவையும் காரத்தன்மையையும் தாங்கிப் பிடிக்கும் என்பது. இந்தக் கூற்றை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நன்றாகப் பராமரிக்கப்படும் தொட்டியின் பி.எச். 8.0 முதல் 8.3 வரை இருக்கும். அந்த நீரில் கால்சியம் கார்பனேட் ஏற்கெனவே நிறைவுக்கு மேல் கரைந்திருப்பதால், மணல் அதில் மேலும் கரைவதில்லை. பிராணவாயு குறைந்து அமிலத்தன்மை கூடிய மணலின் அடியாழத்தில் மட்டும் சிறிதளவு கரையலாம். மூன்று சென்டிமீட்டர் மணலில் அதன் பங்கு மிகக் குறைவு. தொட்டியின் காரத்தன்மையை உண்மையில் காப்பவை நல்ல உப்புக் கலவையும், தவறாமல் செய்யும் நீர் மாற்றமும், தேவைப்பட்டால் அளந்து சேர்க்கும் கரைசல்களும்தான்.

சிலிக்கா மணலுக்கு எதிராகச் சொல்லப்படும் காரணமும் இதேபோல் மிகைப்படுத்தப்பட்டதே. சிலிக்கா மணல் போட்டால் டயாட்டம் என்னும் பழுப்புப் பாசி மண்டிவிடும் என்று அஞ்சுபவர்கள் பலர். குவார்ட்ஸ் அறை வெப்பநிலையில் மிக மிக மெதுவாகவே கரையக்கூடிய கனிமம். டயாட்டம்கள் பயன்படுத்துவது நீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் சிலிக்கேட்டை. அது பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீரோடு வருகிறது. பாறைகளூடே ஊறிவரும் நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் அது தாராளமாகவே இருக்கும். புதிய தொட்டிகளில் முதல் சில வாரங்களில் பழுப்புப் படலம் படிவது அரகோனைட் மணலிலும் காணப்படும் நிகழ்ச்சிதான், சில வாரங்களில் அது தானே குறையும். ஆகவே மணலுக்குச் செலவழிக்க எண்ணிய பணத்தை ஆர்.ஓ. கருவிக்குப் பின்னால் எஞ்சிய கரைபொருள்களை நீக்கும் டி.ஐ. ரெசின் குடுவை ஒன்றைப் பொருத்தச் செலவழித்தால், டயாட்டம் சிக்கலுக்கு அதுவே நேரான தீர்வாகும்.

அப்படியானால் அரகோனைட்டுக்கு மேன்மையே இல்லையா என்றால், உண்டு; ஆனால் அது வேறிடத்தில் இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5.5, அரகோனைட் 3.5 முதல் 4 வரை. கண்ணாடியைத் துடைக்கும் காந்தத் துடைப்பானில் ஒரு சிலிக்கா மணித்துகள் சிக்கிக்கொண்டால் அது கண்ணாடியில் நிரந்தரக் கீறல் போட்டுவிடும். அரகோனைட் துகள் போடாது. சிலிக்கா மணல் வைத்திருப்பவர்கள் மணல்மட்டத்தை ஒட்டிய பகுதியைக் காந்தத்தால் துடைக்காமல், கையில் பிடித்த பழைய ஏ.டி.எம். அட்டை போன்ற ஒன்றால் மேல்நோக்கிச் சுரண்டிவிட வேண்டும். அக்ரிலிக் தொட்டி என்றால் எந்த மணலானாலும் இந்தக் கவனம் வேண்டும். நிறத்திலும் ஒரு வேறுபாடு உண்டு: அரகோனைட் வெண்மையாக இருந்து ஒளியைப் பிரதிபலிக்கும், சிலிக்கா மணல் இளமஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரியும்.

அமெரிக்காவில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், குழந்தைகள் விளையாடுவதற்காகக் கட்டுமானப் பொருள் கடைகளில் விற்கப்பட்ட சவுத்டவுன் என்ற மணல் உண்மையில் அரகோனைட்தான் என்று தெரியவந்தபோது, அந்நாட்டின் கிழக்குப் பகுதிப் பவள வளர்ப்போர் அதை மூட்டை மூட்டையாக வாங்கிச் சென்றார்கள். நமக்கு அப்படியொரு வாய்ப்பு இல்லை. நம்மூரில் அந்த இடத்தை நிரப்பக்கூடியது நீச்சல் குளங்களுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தண்ணீர் வடிகட்டிகளுக்கும் பயன்படும் ஃபில்டர் மணலே. இது கழுவி, உலர்த்தி, சலித்து, துகள் அளவு குறிக்கப்பட்டு மூட்டைகளில் வருகிறது. 0.5 முதல் 1 மில்லிமீட்டர் வரை, அல்லது 16/30 மெஷ் என்று கேட்டு வாங்குங்கள். இதைவிட நுண்ணிய மணல் பம்பின் ஓட்டத்தில் பறந்து பவளங்களின் மேல் படியும்; 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமணலின் இடுக்குகளில் உணவும் கழிவும் இறங்கி அழுகி நைட்ரேட்டைக் கூட்டும். பவளம் வளர்ப்பதற்காகப் பலத்த நீரோட்டம் வைப்பவர்கள் மட்டும் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரையுள்ளதை எடுக்கலாம்.

நீரின் பி.எச். அளவைக் கூட்டுவதற்காக அதே கடைகளில் விற்கப்படும் கால்சைட் குறுமணிகளும் தொட்டிக்குப் பொருந்தக்கூடியவை. வெண்மையும் கிடைக்கும், கண்ணாடியையும் கீறாது. நசுக்கித் தயாரிக்கப்படுவதால் அவற்றின் முனைகள் கூராக இருக்கலாம் என்பதும், கழுவும்போது பால்போன்ற தூள் வெகுநேரம் வரும் என்பதும்தான் குறைகள். மணல் சலிக்கும் மீன்கள் இல்லாத தொட்டிக்கு இது நல்ல தேர்வு.

லைவ் சாண்ட் என்ற பெயரில் ஈரமாக விற்கப்படும் மணலுக்காகப் புதியவர் பணம் செலவிட வேண்டியதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொட்டியிலிருந்து ஒரு கோப்பை மணலை நண்பரிடம் கேட்டு வாங்கி உங்கள் மணலின் மேல் தூவினால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் தாமே பெருகிக்கொள்ளும்.

நான்காம் படி: விலை குறைவு என்றாலும் தவிர்க்க வேண்டியவை

இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் பணம் செலவில்லாமல் கிடைக்கும் மணல்தான் அதிகக் கேடு செய்கிறது.

பவளத் துண்டுகளும் பவள மணலும் முதலில் வருபவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்கள் இடம்பெற்றுள்ளன. இந்தியக் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல்லாண்டுகள் பவளம் வெட்டியெடுக்கப்பட்டதன் விளைவாக, 21 தீவுகளைக் கொண்டிருந்த அந்தத் தொடரில் தூத்துக்குடியை ஒட்டிய விலாங்குசல்லி, கீழக்கரையை ஒட்டிய பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. கடலுயிர்கள் மீதுள்ள அன்பினால் தொட்டி வைக்கும் ஒருவர் அந்தக் கடலிலிருந்தே பெயர்த்த பொருளை அதன் அடியில் பரப்புவது எவ்வகையிலும் நியாயமாகாது. கடையில் உள்ளூர்ப் பவளச் சில்லு என்று காட்டினால் வாங்காதீர்கள்.

கடற்கரை மணலை வாளியில் அள்ளிவருவதும் வேண்டாம். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் மணல் எடுப்பதைத் தடை செய்கின்றன. அதோடு, நகரங்களை ஒட்டிய கரைகளில் கழிவுநீரும் எண்ணெய்க் கசிவும் கலந்திருக்கும். கூவம் கடலில் சேரும் இடம் மெரினாவிலிருந்து எவ்வளவு தொலைவு என்று எண்ணிப் பாருங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கரைகளில் இல்மனைட், கார்னெட் போன்ற கனமான தாதுக்கள் மணலோடு கலந்து கிடக்கின்றன. மணவாளக்குறிச்சிப் பகுதியில் தோரியம் கொண்ட மோனசைட்டும் உண்டு. மணலில் வாழ்ந்து மடியும் சிறு உயிர்கள் மூடிய தொட்டிக்குள் ஒருசேர அழுகினால் அம்மோனியா ஏறிவிடும் என்பது இன்னொரு காரணம்.

ஆற்று மணலில் களிமண்ணும் வண்டலும் இலைமக்கும் அப்பிரகமும் சேர்ந்திருப்பதால் எவ்வளவு கழுவினாலும் நீர் முழுமையாகத் தெளிவதில்லை. எம்-சாண்ட் கருங்கல்லை உடைத்துச் செய்யப்படுவது. அதன் துகள்கள் கூரானவை, இரும்புத் தாதுக் கலப்பும் உள்ளவை. நன்னீர்த் தொட்டிக்கென்று விற்கப்படும் வண்ணக் கற்களின் சாயம் உப்புநீரில் உரியலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, இரும்பைத் துருநீக்கப் பயன்படும் பிளாஸ்டிங் மணல் என்று கேட்டு வாங்குவது. அந்தப் பெயரில் செப்புக் கசடும் விற்கப்படுகிறது. மிகக் குறைந்த அளவு செம்பு நீரில் கலந்தாலே இறால், நத்தை, பவளம் அனைத்தும் மடிந்துவிடும். பாறையிலும் சிலிக்கான் ஒட்டிலும் படிந்த செம்பை நீக்குவது மிகக் கடினம். கடையில் மணல் கேட்கும்போது தண்ணீர் வடிகட்டிக்கு என்ற சொல்லை விடாமல் சொல்லுங்கள்.

தொட்டியைக் கலைப்பவரிடமிருந்து பழைய மணலை மலிவாக வாங்குவதில் வேறொரு சிக்கல் உண்டு. கால்சியம் கார்பனேட் மணல் ஆண்டுக்கணக்கில் பாசியை வளர்க்கும் பாஸ்பேட்டைத் தன்மேல் பிடித்து வைத்திருந்து, புதிய நீரில் அதை மெல்ல வெளிவிடும். சோதனையில் தேறினால் மட்டும் எடுக்கலாம்.

ஐந்தாம் படி: வாங்குமுன் சிறு அளவில் சோதியுங்கள்

ஒரு கைப்பிடி மணலைக் கேட்டு வாங்கி வந்து வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் கூர்மை தெரியும். வலுவான காந்தமொன்றை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் சுற்றி மணலுக்குள் உழக்குங்கள். கறுப்புத் துகள்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டால் அந்த மணல் வேண்டாம். ஓரிரு துகள்கள் ஒட்டினால், முழு மணலையும் காந்தத்தால் துழாவி அவற்றை நீக்கிவிடலாம். இதைத் தவறவிட்டால் அவை காந்தத் துடைப்பானைத் தேடிச்சென்று ஒட்டிக் கண்ணாடியைக் கீறும்.

அடுத்து, சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துக் குமிழிவிட்டால் அது கால்சியம் கார்பனேட். குமிழி வராவிட்டால் சிலிக்கா. அரகோனைட் என்று விலைக்கு வாங்கிய மணல் நுரைக்காவிட்டால் கடைக்குத் திருப்பிக் கொடுக்க இந்தச் சோதனை ஒன்றே போதும்.

இறுதியாக, கழுவிய மணலை ஒரு கண்ணாடிக் குடுவையில் ஆர்.ஓ. நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, முன்னும் பின்னும், நீரில் கரைந்த பொருள்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் அளந்து பாருங்கள். சிலிக்கா மணலில் அளவு பெரிதாக ஏறக்கூடாது. கார்பனேட் மணலில் ஓரளவு ஏறுவது இயல்பு. இன்னொரு குடுவையில் உப்புநீரில் ஊறவிட்டுப் பாஸ்பேட் சோதனை செய்வது, முக்கியமாகப் பழைய மணலுக்கு, அவசியம்.

ஆறாம் படி: கழுவுதல்

மூட்டையைப் பிரிக்கும்போதே முகக்கவசம் அணிந்து, மணலை ஈரப்படுத்திய பிறகே கையாளுங்கள். உலர்ந்த சிலிக்காத் தூசியை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கேடு; குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

பெரிய வாளியில் கால்பங்கு மட்டும் மணல் எடுத்து, குழாயை அடிவரை விட்டுக் கையால் கிளறியபடி நீர் வழியவிடுங்கள். மொத்தமாக ஒரே நேரத்தில் கழுவ முயன்றால் அடி மணல் கழுவப்படாமலே தங்கிவிடும். கலக்கிய சில நொடிகளில் நீர் தெளியும் நிலை வரும்வரை தொடர வேண்டும். சோப்பு, டிடர்ஜென்ட் எதுவும் கூடாது, அவற்றைப் பயன்படுத்திய வாளியும் கூடாது. குழாய் நீரிலேயே கழுவலாம். கடைசி அலசல் மட்டும் ஆர்.ஓ. நீரில் இருக்கட்டும்.

ஏழாம் படி: பரப்புதல்

பாறைகளை முதலில் கண்ணாடித் தரையின் மேலேயே ஆடாமல் அமர்த்திவிட்டு, பிறகு சுற்றிலும் மணலை இடுங்கள். மணலின் மேல் பாறையை வைத்தால், வளை தோண்டும் கோபியோ இறாலோ அடியிலுள்ள மணலை அகற்றும் நாளில் பாறை சரிந்து உயிரையோ கண்ணாடியையோ சேதப்படுத்தும். பிறகு மணலின் மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் விழும்படி மெல்லத் தண்ணீர் ஊற்றினால் மணல் குழியாது.

ஏற்கெனவே நீர் நிறைந்த தொட்டியில் மணல் சேர்க்க நேர்ந்தால், பம்புகளை நிறுத்தி, அகலமான பி.வி.சி. குழாயைத் தரைவரை இறக்கி அதன் வழியே ஈரமணலைக் கொட்டுங்கள். முதல் ஒன்றிரண்டு நாட்கள் நீர் கலங்கலாகத் தெரியும். வடிகட்டியில் பஞ்சு வைத்து அடிக்கடி மாற்றினால் தெளிந்துவிடும். அதன்பின் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் பம்பை மணலை நோக்கித் திருப்பாமல் நீர்மட்டத்தை நோக்கி வைத்து, மணல் எங்காவது பள்ளம் விழுகிறதா என்று ஓரிரு நாட்கள் கவனித்துத் திசையைச் சரிசெய்யுங்கள். மணல் அமைந்துவிட்டது என்பதற்காக மீனை உடனே விடக்கூடாது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூச்சியத்தை அடைவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

எட்டாம் படி: பராமரிப்பு

ஒவ்வொரு நீர் மாற்றத்தின்போதும் மணலின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சைஃபன் குழாயால் கிளறி அழுக்கை உறிஞ்சி எடுங்கள். அடுத்த முறை அடுத்த பங்கு. நாசேரியஸ் நத்தைகள் சிலவற்றை விட்டால் அவை மணலுக்குள் நகர்ந்து மிச்ச உணவைத் தின்று, மேல்மணலைப் புரட்டிவிடும்.

கண்ணாடி வழியே மணலின் அடியில் கறுப்புத் திட்டு தெரிந்தால், அங்கே பிராணவாயு இல்லாமல் சல்பைடு உருவாகிறது என்று பொருள். சிறிய திட்டு, தொடாமல் விட்டால் தீங்கு செய்யாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ திட்டு பரவினாலோ, அந்த இடத்தைக் கிளறிவிடாமல், சைஃபன் குழாயால் மணலோடு சேர்த்து உறிஞ்சி வெளியேற்றுங்கள். இப்படி எடுக்கும் மணலுக்கு ஈடாகப் போட, முதலில் வாங்கிய மூட்டையில் மிச்சமிருப்பதைக் கழுவி உலர்த்தி மூடிய வாளியில் வைத்திருப்பது நல்லது. பின்னர் வாங்கும் மூட்டை அதே நிறத்திலும் அதே துகளளவிலும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.